அதே பத்துப் பேர்

கணினிக்குத் தற்செயலாக எதையும் செய்யத் தெரியாது. சொல்லிக் கொடுத்த கணக்கைப் போட்டுவிட்டு, மனம்போன போக்கில் பொறுக்கியதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளும். இதைப் பாடமாகப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்த எனக்கு, அது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் வாசலில்தான் விளங்கியது.

பம்பு தயாரிக்கும் ஆலை அது. செம்புக்கம்பி அடிக்கடி காணாமல் போனதால், ஷிப்டு முடிந்ததும் சிலருடைய பைகளை மட்டும் திறந்து பார்ப்பார்கள். காவலாளிகள் தமக்குப் பிடிக்காதவர்களையே நிறுத்துகிறார்கள் என்று புகார் எழுந்தது. டேட்டாபேஸைக் கவனிக்கப் புதிதாகச் சேர்ந்திருந்த நான் (யாரும் கேட்கவில்லை), ஊழியர் பட்டியலிலிருந்து நாள்தோறும் பத்துப் பேரைக் கணினியே குலுக்கி எடுக்கும்படி ஒரு நிரல் எழுதித் தருகிறேன் என்றேன்.

"இதில் மனிதக் கையே படாது சார்," என்று மேலாளருக்கு உறுதியும் அளித்தேன்.

முதல் நாள் வாசல் திரையில் வந்த முதல் பெயர் குமரேசன். என் அக்காவின் கணவர், அங்கே ஃபிட்டர், அந்த வேலைக்கு என்னை அழைத்து வந்தவரும் அவரே. "சொந்த மாமாவயே உடல பாரு!" என்று கேன்டீன் வரை என் நேர்மை பேசப்பட்டது. மறுநாளும் மாமா. அதற்கடுத்த நாளும் மாமா.

பெரியபாளையம் பக்கத்து ஆரணியில் நாங்கள் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வெடித்தாள்.

"இன்னாடி இது பேஜாரு? தெனம் டப்பாவத் தொறந்து காட்டிக்கினு வராரு. நான் கட்டிக் குடுத்த உப்புமாவ பாதி மிச்சம் வெச்சது கம்பெனிக்கே தெரிஞ்சி போச்சி!"

நான் நிதானமாக அவளுக்கு நிகழ்தகவை விளக்கினேன். காசைச் சுண்டினால் தொடர்ந்து பூவே விழவும் கூடும் என்றேன். அவள் கரண்டியைப் பார்த்த பார்வையில் விளக்கத்தைச் சுருக்கிக்கொண்டேன்.

விஷயம் உப்புமாவோடு நிற்கவில்லை. மாமாவுக்குச் சூப்பர்வைசர் பதவி வரவேண்டிய சமயம் அது. மேலாளர் கையெழுத்திடாமல் நிறுத்தி வைத்தார். "கம்ப்யூட்டரே தினமும் இவரைக் காட்டுதுன்னா, ஏதோ இருக்கணும் இல்லையாம்மா?" என்று என்னிடமே கேட்டார்.

மாமா என்னை ஒரு சொல் சொல்லவில்லை. "உடு பாப்பா, நீ இன்னா பண்ணுவ?" என்றார் இரவுச் சாப்பாட்டின்போது. "இதுலயும் ஒரு நல்லது இருக்குது. எனக்குப் பின்னாடி பெயிண்ட் ஷாப்பு வள்ளியம்மா, அவங்களுக்குப் பின்னாடி கேன்டீன் மாஸ்டரு. தெனம் ஒன்னா நின்னு நின்னு பத்து பேரும் சொந்தக்காரங்க மாரி ஆயிட்டோம். வாட்ஸ்அப்புல குரூப்பு வேற. ஞாயித்துக்கெழம பெரியபாளையம் போறோம், வேன் பேசிக்கினு."

என் கையிலிருந்த சோறு வாய்க்குப் போகவில்லை.

"தெனமும் அதே பத்துப் பேரா மாமா?"

"அதே வரிசை பாப்பா."

குலுக்கல் எண்களைத் தரக் கணினிக்கு ஒரு தொடக்க எண் வேண்டும். அதை வைத்துக் கணக்குப் போட்டு அடுத்தடுத்த எண்களைச் சொல்லும். தொடக்கம் மாறாவிட்டால் வரிசையும் மாறாது. சோதித்துப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அந்த எண்ணை நான் நிலையாக எழுதி வைத்திருந்தேன். அந்த வரியை நீக்காமலே வாசலுக்கு அனுப்பியிருந்தேன். (மதிப்பெண் எவ்வளவு என்று யாரும் கேட்க வேண்டாம்.)

மறுநாள் மேலாளர் முன்னால் பொத்தானை அழுத்தினேன். பத்துப் பெயர்கள். மறுபடி அழுத்தினேன். அதே பத்து.

"மனிதக் கையே படாதுன்னீங்களே?"

"பட்டது என் கைதான் சார்."

வரியை நீக்கினேன். மாலையில் தாமே வாசலுக்கு வந்து பார்த்தபின்தான் மாமாவின் பதவியைப் பற்றி முடிவு என்றார் மேலாளர்.

மாலையில் திரை ஒளிர்ந்தது. முதல் பெயர் குமரேசன்.

ஒழுங்கான குலுக்கலில் அப்படியும் நேரும். ஆனால் அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியற்றவர் அந்த வாசலில் எவரும் இல்லை. மேலாளர் மெல்ல என் பக்கம் திரும்பினார். "காசைச் சுண்டினால் சார்..." என்று தொடங்கினேன். அதற்குள் பின்னாலிருந்து வள்ளியம்மாவின் குரல் வந்தது. பழக்கதோஷத்தில் பையைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார்.

"இன்னா மேடம் அநியாயம் இது? எங்க ஒம்போது பேரையும் கழட்டி உட்டுட்டு அவர மட்டும் கூப்புட்றீங்க? நாங்க இன்னா தப்பு பண்ணோம்?"

மேலாளர் திரையை மீண்டும் படித்தார். மாமாவைத் தவிர மற்ற ஒன்பதும் புதிய பெயர்கள். அவர் சிரிக்கத் தொடங்கியதும் வாசலே சிரித்தது. மாமா வழக்கம்போல் டப்பாவைத் திறந்து காட்டினார். மேலாளர் எட்டிப் பார்த்து, "உப்புமாவ முழுசா சாப்பிடுங்க, சூப்பர்வைசர்!" என்றார்.

இப்போதும் எங்கள் வீட்டில் எல்லாரும் கூடும்போது, கடைக்கு யார் போவது என்று சீட்டுக் குலுக்குவது உண்டு. அக்கா ஒவ்வொருவர் பெயராக எழுதி மடிப்பாள். அவள் மடித்து முடிப்பதற்குள் மாமா செருப்பை மாட்டிக்கொண்டு, "இன்னா வாங்கியாரணும்?" என்பார்.