ராஜினாமாவை வாங்காத ஜன்னல்

பெங்களூரில் என்னை அதிகம் கொதிக்க வைத்தவர் யார் என்று கேட்டால், ஆட்டோக்காரர்கள், வீட்டு ஓனர் எல்லாரையும் தாண்டி ஹேண்ட்-இன் அக்காவைத்தான் சொல்வேன்.

பொம்மசந்திராவில் நான் மெஷின் ஓட்டும் கம்பெனியில், எச்.ஆர். ஜன்னலில் காகிதம் வாங்கியவர். பிரேசர் டவுன்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் மொத்த கம்பெனிக்கும் அக்கா. லீவ் லெட்டரோ, பி.எஃப். ஃபாரமோ, இங்கிலீஷில் முழு வாக்கியம் சொன்னால்தான் கை நீட்டுவார்.

"ஐ வாண்ட் டு ஹேண்ட் இன் மை லீவ் லெட்டர். சொல்லுங்கண்ணா."

"அக்கா, நூத்திரண்டு ஜுரம்க்கா!"

"ஜுரம் உடம்புக்குத்தானே? வாய்க்கு என்ன வந்துச்சு?"

"சப்மிட்னு சொன்னாப் பத்தாதா?"

"பத்தாது. ஹேண்ட் இன்-னா கையில கொடுக்கறது. ஒரு ஆள் கொடுக்கணும், ஒரு ஆள் வாங்கணும்."

ஒருவன் மனைவிக்குப் பிரசவ வலி என்று ஓடிவந்தான். அவனை மட்டும் உடனே விட்டார். ஆனால் குழந்தை பிறந்து இனிப்போடு வந்தவனிடம், மைசூர்பாகை மென்றுகொண்டே, பாக்கி வாக்கியத்தை வசூலித்தார். இது என்ன நியாயம்?

என்னைப் படுத்தியது இன்னும் மோசம். யாரோ செய்த தப்புக்கு சூப்பர்வைசர் என்னை டிரெய்னிகள் முன்னால் கேவலமாகத் திட்டினார். பன்னிரண்டு வருஷ சர்வீஸ்! வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் ராஜினாமா எழுதினேன். மகள் பத்தாவது படிக்கிறாள் என்பதுகூட ஞாபகம் வரவில்லை. அக்காவிடம் மாட்டக் கூடாதென்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய், "ஐ வாண்ட் டு ஹேண்ட் இன் மை ரெசிக்னேஷன்" என்று பிசிறில்லாமல் சொன்னேன்.

"ரொம்ப வேகம். திரும்பச் சொல்லுங்கண்ணா."

சொன்னேன்.

"ரொம்ப சத்தம்."

சொன்னேன்.

"கண்ணு கலங்குது. தொடச்சிட்டுச் சொல்லுங்க."

பதினோரு முறை! நான்கு மணிக்கு ஜன்னலைச் சாத்தினார். "டைம் ஆயிடுச்சு. பேஜார் பண்ணிக்காதீங்க, நாளைக்கு வாங்க."

என் கடிதத்தை வாங்க மாட்டேன் என்று சொல்ல இவர் யார்? பஸ்ஸில் வீடு வரை பொருமிக்கொண்டே போனேன். மறுநாள் சூப்பர்வைசர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் மெஷினைப் பார்த்ததும் கை தானாக சுவிட்சுக்குப் போனது. கடிதம் சட்டைப்பையிலேயே கசங்கியது.

போன மாதம் அக்கா வேலையை விட்டுவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மெயிலில் ராஜினாமா அனுப்பி! அந்த ஜன்னலில் இப்போது ஆளில்லை. செல்போனில் ஆப் வந்திருக்கிறது. எதை அனுப்பினாலும் அரை நொடியில் வாங்கிக்கொள்கிறது, ராஜினாமாவைக்கூட.

எனக்கு இன்னும் ஆறவில்லை. அக்கா தன் ராஜினாமா லெட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்திருந்தால், எங்களில் ஒருத்தரும் வாங்கியிருக்க மாட்டோம்.