தங்கள் தாயாரின் திதி குறித்த எனது பிழை

ஜார்ஜ் டவுன், பினாங்கு.
20.6.1999

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஆனந்தராஜா அவர்களின் சமுகத்திற்கு விநாசித்தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது.

சிரம்பானில் தாங்களும் சம்பந்தி அம்மாவும், மாப்பிள்ளையும், எங்கள் மகள் அருந்ததியும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். இங்கே என் மனைவி தவமணி சுகம். நானும் சுகமே, இடது முழங்காலைத் தனியாக விசாரித்தால் அது வேறு கதை சொல்லும். மழை அளவாகப் பெய்கிறது. இவ்வளவும் எழுதிய பிறகு விஷயத்துக்கு வராமலிருக்க வேறு சாக்கு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஆகவே வருகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், தங்கள் தாயாரின் திவசத்தைத் தாங்கள் பதினெட்டு ஆண்டுகளாகத் தவறான திதியில் செய்து வருகிறீர்கள், அது தசமி அல்ல, நவமி என்று ஒரு கடிதம் தட்டச்சு செய்து, 'நவமி' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடும் போட்டு அனுப்பியவன் நான். தாங்கள் பெருந்தன்மையோடு அதை நம்பி நவமிக்கு மாறினீர்கள். பட்டர்வொர்த்தில் இருக்கும் தங்கள் அக்கா யோகலட்சுமி அம்மா மாறவில்லை. "கம்ப்யூட்டர் சொல்லியோ நான் என்ர அம்மாவுக்குச் சோறு வைக்கிறது?" என்று கேட்டுவிட்டுத் தசமியிலேயே நின்றுவிட்டார். அதுவரை வருடந்தோறும் ரயிலேறிச் சிரம்பான் வந்து தம்பியோடு சேர்ந்து படைத்தவர், இரண்டு வருடமாகத் தன் வீட்டில் தனியாகப் படைக்கிறார். தங்களோடு பேச்சும் இல்லை. இதெல்லாம் அருந்ததி சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அப்பா, நீங்க அந்த லெட்டர் போடாம இருந்திருக்கலாம்," என்றாள். இன்னும் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சம்பந்தி அவர்களே, அந்த நவமி தவறு. தசமிதான் சரி. இது எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதை முறைப்படி சொல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்டால் அது அரைகுறை மன்னிப்பாகும் என்பதால், பொறுமையோடு மேலே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் குடும்பத்தையும் சேர்த்து எங்கள் சங்கத்து நாற்பத்து மூன்று குடும்பங்களின் திவச நாட்களையும் பஞ்சாங்கம் பார்த்துக் கணித்து, வருடந்தோறும் அஞ்சலட்டை போடுவது ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் பொறுப்பு என்பது தாங்கள் அறிந்ததே. தங்கள் மகனாகிய மாப்பிள்ளை புதுக் கணினி வாங்கியபோது பழையதை என்னிடம் விட்டுப் போனார். அதில் லினக்ஸ் என்ற ஒன்றையும் ஏற்றிக் கொடுத்தார். இது கணினியை இயக்குகிற ஏற்பாடு. உலகத்தில் பல பேர் சம்பளம் வாங்காமல் ஆளுக்கொரு துண்டாகச் செய்து, ஒன்றாகக் கட்டி, யார் கேட்டாலும் கொடுக்கிறார்கள். சம்பளம் இல்லாத இடத்தில் ஒழுங்கு இராது என்று முப்பத்து நான்கு வருடம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்த நான் நினைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்கை நான் கண்டதில்லை. நூலகப் புத்தகம் ஒன்றை ஒன்பது தடவை புதுப்பித்து எடுத்து, இறந்த நாளையும் நேரத்தையும் கொடுத்தால் திதியைச் சொல்லும் ஒரு மென்பொருளை எழுதினேன். அதை அந்த லினக்ஸ் தொகுப்பில் சேர்க்க வேண்டுமானால் அவர்களுடைய பரிசோதகர் ஒருவர் வரிக்கு வரி பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். தாங்கள் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். சிக்னல் விழாமல் ரயில் உள்ளே வராது என்று சொன்னால் தங்களுக்குப் போதும். நான் அவுட்டர் சிக்னலில் ஐந்து மாதம் நின்றேன்.

ஐந்தாம் மாதம் பரிசோதகரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பதினேழு குறைகள். கையேடு இல்லை, கோப்புகள் உரிய இடத்தில் இல்லை, இதை ஏன் இப்படிச் செய்தீர், அதை ஏன் அப்படிச் செய்யவில்லை. 'ஏன்' என்று கேட்டு எழுத்தில் வருவதற்கு நம் உத்தியோகத்தில் என்ன பொருள் என்பது தங்களுக்குத் தெரியும். விளக்கம் கோரும் கடிதம்! என் முழுச் சேவைக் காலத்திலும் ஒன்றுகூட வாங்காதவன், எழுபத்தோராம் வயதில், சம்பளமில்லாத வேலையில் வாங்கிவிட்டேனே என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினேழுக்கும் தனித்தனியே வருத்தம் தெரிவித்து, இது முதல் குற்றம் என்பதையும் என் சேவைக் குறிப்பேடு சுத்தமாக இருப்பதையும் கருணையோடு கவனிக்க வேண்டி, ஒன்பது பக்கத்தில் பதில் அனுப்பினேன். திருத்தி அனுப்பினால் போதும் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த ஒரு வரியில் கோபம் இருக்கிறதா என்று தவமணியிடம் காட்டிக் கேட்டேன். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆள் அவசரத்தில் இருக்கிறான், கோபத்தில் இல்லை என்றாள்.

அடுத்தது, என் பெயரில் மின்னஞ்சல் அனுப்புகிறவன் நான்தானா என்று பரிசோதகர் என் அடையாள அட்டையை நேரில் பார்க்க வேண்டுமாம். அவரோ ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர், பெயர் ஜபருல்லா, நம் ஊர்த் தமிழர். ஒரு சனிக்கிழமை ஃபெரி ஏறி, பேருந்து பிடித்து, அவர் சொன்ன தேநீர்க் கடையைக் கண்டுபிடித்தேன். அடையாள அட்டையோடு பிறப்புப் பத்திரம், முதல் நியமன உத்தரவு, ஓய்வூதிய அட்டை, கையொப்பமிட்டு முத்திரை வைத்த இரண்டு புகைப்படங்கள் ஆகியவற்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன். அவர் அவற்றையும் என்னையும் பார்த்தார்.

"ஐயா, ஐசி ஒன்னு போதும்லா. பொறந்த சூரா, பென்ஷன் கார்டெல்லாம் எதுக்கு? நான் பொண்ணா கொடுக்கப் போறேன்?"

நல்ல மனிதர். தேநீர் வாங்கிக் கொடுத்து, என் மென்பொருளோடு நான் சேர்த்திருந்த உரிமப் பத்திரத்தை எடுத்தார். இப்படி இலவசமாகக் கொடுக்கும் மென்பொருளோடு ஒரு பத்திரம் வைப்பது வழக்கம். அதில் 'இதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது' என்று பெரிய எழுத்தில் ஒரு வாசகம் வரும். அதைத் தட்டச்சு செய்ய என் விரல் போகவில்லை, சம்பந்தி. செத்தவருக்குச் சோறு வைக்கிற நாளைக் குறித்துக் கொடுத்துவிட்டு, தவறினால் நான் பொறுப்பில்லை என்று எழுதுகிறவன் மனிதனா? ஆகவே அதை நீக்கிவிட்டு, திதி தவறினால் முழுப் பொறுப்பும் கீழே கையொப்பமிட்டிருக்கும் என்னுடையது என்றும், பாதிக்கப்பட்டவர்கள் ஞாயிறு நீங்கலாக எந்த நாளும் காலை ஒன்பது மணிக்குமேல் கீழ்க்கண்ட முகவரியில் நேரில் காணலாம் என்றும் எழுதி, தொலைபேசி எண்ணும் கொடுத்திருந்தேன்.

"பிரேசில்ல இருந்து ஒருத்தன் வந்து நின்னா என்னா செய்வீங்க ஐயா?" என்று கேட்டார் ஜபருல்லா.

பிரேசிலில் நம்மவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் தேநீரைக் கலக்கினார். அதில் சர்க்கரை ஏற்கெனவே கலந்துதான் இருந்தது.

பிறகு மடிக்கணினியைத் திறந்து என் மென்பொருளை ஓட்டிக் காட்டினார். எடுத்துக்காட்டாக நான் அதில் வைத்திருந்தது தங்கள் தாயாரின் பதிவு. பதினெட்டு வருடத் தவறை என் கணினி கண்டுபிடித்தது என்ற கர்வத்தில் வைத்தது. இறந்த நாள் 1979 ஆனி. நேரம், நான் கொடுத்த விவர அட்டையில் தாங்கள் எழுதித் தந்தபடி, மாலை நான்கு இருபது.

"ஐயா, இந்த எழுபத்தொம்போது கணக்குக்கு எத்தனை மணி போட்டிருக்கீங்க?"

கிரீன்விச்சுக்கு எட்டு மணி முந்தி, நம் மலேசிய நேரம் என்றேன்.

"அப்ப எட்டு இல்லையே. எண்பத்திரெண்டு பொறக்கறப்பதானே அரை மணி தள்ளி வச்சாங்க? அதுக்கு முந்தி ஏழரைலா."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். பழைய நேரப்படி அன்று நவமி நான்கு பத்துக்கு முடிந்துவிட்டது; நான்கு இருபது தசமி. நான் அரை மணியைத் தவறாகச் சேர்த்ததால் நவமி நான்கு நாற்பது வரை நீண்டு, தங்கள் தாயாரையும் உள்ளே இழுத்துக்கொண்டது. இது எனக்குத் தெரியாத விஷயமா? அந்த மாற்றத்துக்கான சுற்றறிக்கையை எங்கள் அலுவலகப் பலகையில் குத்தியவன் நான். அந்த ஜனவரியில் முதல் வேலை நாளன்று, ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போய்ப் பதினொரு கடிகாரங்களையும் திருத்தியவன் நான். தாங்களும் தங்கள் நிலையத்தில் திருத்தியிருப்பீர்கள். ஊருக்கெல்லாம் திருத்திவிட்டு என் மண்டைக்குள் இருந்ததை மட்டும் விட்டுவிட்டேன். வீடு வந்து மற்ற நாற்பத்திரண்டு குடும்பங்களையும் சரிபார்த்தேன். ஒருவருக்கும் மாறவில்லை. உலகத்தில் எவ்வளவோ வீடு இருக்க, என் பிழை சம்பந்தி வீட்டைத் தேடித்தான் போயிருக்கிறது.

ஏழரையைச் சேர்த்தேன். உத்தரவாதம் கிடையாது என்ற அந்த வாசகத்தையும், கண்ணை மூடிக்கொண்டு, பெரிய எழுத்திலேயே தட்டச்சு செய்தேன். நேற்று மென்பொருளை ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. தாங்கள் இரண்டு வருடம் உடன்பிறப்போடு பேசாமல் இருந்ததற்கு எந்தப் பத்திரத்தில் பொறுப்புத் துறப்பது?

ஆகவே தாங்கள் தயைகூர்ந்து என்னை மன்னிக்க வேண்டும். வருகிற ஜூலை எட்டாம் தேதி, தசமியன்று, யோகலட்சுமி அம்மாவையும் அழைத்துப் பழையபடி ஒன்றாகச் செய்ய வேண்டும். தவறு முழுதும் என்னுடையது என்று அவரிடம் தாராளமாகச் சொல்லலாம்; இந்தக் கடிதத்தையே காட்டலாம். மாப்பிள்ளைக்கும் அருந்ததிக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்தி அம்மாவுக்குத் தவமணியின் அன்பும், தங்களுக்கு, முகத்தைக் காட்ட வெட்கப்பட்டுக்கொண்டு, எனது வணக்கமும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள சம்பந்தி,
கா. விநாசித்தம்பி

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன், கிழிசலுக்கு மன்னிக்கவும். மூன்று நாளாக என்ன எழுதுகிறேன் என்று தவமணி கேட்டாள். கையில் வைத்திருந்த வரைவை வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டவள் கடைசியில் நிமிர்ந்தாள். "இஞ்சாருங்கோ, அவ இங்க எங்க செத்தவ? கடல் தாண்டி மானிப்பாய்க்குத் தங்கச்சியப் பாக்கப் போன இடத்திலயல்லோ செத்தவ. விடியக்காலம் செத்து, பின்னேரம் நாலு இருவதுக்கு இங்க தந்தி வந்ததெண்டு அருந்ததியின்ர கலியாணத்தண்டே யோகலட்சுமி அக்கா சொன்னவ."

என் அட்டையில் நாளுக்கு ஒரு கட்டம், நேரத்துக்கு ஒரு கட்டம் வைத்தேன். இடத்துக்குக் கட்டம் வைக்கவில்லை. தாங்கள் தந்தி கிடைத்த நேரத்தை எழுதியிருக்கிறீர்கள். அதில் தங்கள் குற்றம் ஏதுமில்லை. விடியற்காலை என்றால், எந்த நாட்டுக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தாலும் நவமிதான். ஆக, தவறான கணக்கில் அன்று நான் சொன்னது சரி. சரியான கணக்கில் மேலே நான் சொல்லியிருப்பது தவறு. மேலே உள்ள பக்கங்களை எழுதாததாகக் கருதும்படி கேட்கத்தான் உறையைப் பிரித்தேன்.

அதற்குள் தொலைபேசி அடித்தது. யோகலட்சுமி அம்மாவுக்கு உரியதென்று இந்தக் கடிதத்தின் முதல் வரைவின் நகலை முந்தாநாளே தபாலில் சேர்த்திருந்தேன்; கிடைத்துவிட்டது. "தம்பியில பிழையில்லை, உங்கட மிஷின்லதான் பிழையெண்டு எனக்கு அப்பவே தெரியும்," என்றார். "நான் ரயிலுக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லிட்டன். எட்டாந் தேதி வாறன் எண்டு அவனுக்குச் சொல்லுங்கோ." சொல்கிறேன் என்றேன். நவமி விஷயத்தை அவரிடம் எடுக்கவில்லை.

ஆகவே தாங்கள் அக்காவோடு சேர்ந்து தசமியன்றே செய்யுங்கள். முந்தின நாள், நவமிக்கு, நானும் தவமணியும் இங்கே எங்கள் வீட்டில் தங்கள் தாயாருக்கு ஓர் இலை போட்டுவிடுகிறோம். இது முறைதானா என்று தெரியாது. யாரிடமும் கேட்கவும் போவதில்லை. அவரை நான் பார்த்ததில்லை. என்ன கறி அவருக்குப் பிடிக்கும் என்பதை மட்டும், அக்காவுக்குத் தெரியாமல், அருந்ததியிடம் சொல்லி அனுப்பவும்.