ரேஞ்சரை வாங்காத பாவா

ஒரு பொருளை வாங்குவதற்குக் காரணம் சொல்ல எந்த முட்டாளாலும் முடியும். உதாரணத்துக்கு நான் இருக்கிறேன். ஆனால் வாங்காமல் இருப்பதற்குக் காரணம் சொல்ல ஒரு தனித் திறமை வேண்டும். அந்தத் திறமையில் திருத்தணி மலைக்கு மேலேயும் கீழேயும், ஏன், திருப்பதி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஊரார் 'காரணம் பாவா' என்று கூப்பிடும் எங்கள் பாவாவுக்கு நிகரான ஆள் கிடைக்க மாட்டார்.

பாவா என்றால் தெலுங்கில் அத்தான். அவர் யாருக்கு அத்தான் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது; ஊர் மொத்தத்துக்கும் பாவா. பள்ளிப்பட்டுப் பக்கம் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தறிச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறி, அங்கே மொட்டை, காதுகுத்து, கல்யாணம் என்று படம் எடுத்தே ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார். மதியம் மலையில் கல் சுட ஆரம்பித்ததும் இறங்கி வந்து, ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் என் ஸ்டுடியோவில், ஃபேனுக்கு நேர் கீழே உட்காருவார். நான் எவ்வளவு நேரம் வியர்த்தாலும் அந்த இடம் அவருடையது.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பைத்தியம் இருந்தது. ரேஞ்ச்ஃபைண்டர் என்று ஒரு வெளிநாட்டு டிஜிட்டல் கேமரா. பார்த்தால் தாத்தா காலத்துப் பெட்டி மாதிரி இருக்கும். விலையைக் கேட்டால் திருத்தணியில் ஒரு மனை வாங்கலாம். தானாக ஃபோகஸ் ஆகாது, கையால் திருப்ப வேண்டும். ஜூம் கிடையாது. வீடியோ கிடையாது. இத்தனை கிடையாதுக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. இதைக் கையில் எடுத்தவன் அவசரம் அடங்கி ஞானியாகிவிடுவான் என்று யூடியூபில் தாடி வைத்த ஒருவர் சொன்னார். நான் நம்பினேன். தாடி வைத்தவர்கள் எது சொன்னாலும் நம்புகிற ஜாதகம் என்னுடையது.

பாவா வாயில் ரேஞ்ச்ஃபைண்டர் நுழையவில்லை. 'ரேஞ்சர்' என்பதோடு நிறுத்திக்கொண்டார். அதனால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் போய் அந்தக் கேமராவைப் பார்த்துவிட்டு வருவோம். பாவா அதைப் பெண் பார்க்கப் போவது என்றே சொல்வார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றி நிறைய விபூதி. கிளம்பும்போது ராகுகாலம்கூடப் பார்ப்பார். கடைப் பையன் வெள்ளைக் கையுறை மாட்டி, கேமராவை வெல்வெட் துணிமேல் கொண்டுவந்து வைப்பான். பாவா தொடாமல் கொஞ்ச நேரம் பார்ப்பார்.

"கண்ணு லட்சணமா கீது. நெறமும் பரவால்ல. ஒடம்புதான் கொஞ்சம் பூசுனாப்ல."

பிறகு கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, படம் பார்க்கும் குட்டி ஜன்னலில் கண் வைத்து, பெருமூச்சு விட்டு, துணிமேல் திரும்ப வைத்துவிட்டு எழுந்திருப்பார்.

"ஊருக்குப் போயி தகவல் சொல்லி அனுப்பறோம்பா."

பஜ்ஜி சொஜ்ஜியெல்லாம் சாப்பிட்டு முடித்த மாப்பிள்ளை வீட்டார், பெண் பிடிக்கவில்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்லாமல் சொல்லும் அதே வாக்கியம். கடைப் பையன் சென்னைக்காரன், முதல் தடவை அதை நிஜமென்று நம்பி என் போன் நம்பரைக்கூட வாங்கிக்கொண்டான். அடுத்தடுத்து நாங்கள் போகப் போக அலமாரியைத் திறப்பதை விட்டுவிட்டு நேராகக் காப்பி சொல்லிவிடுவான்.

திரும்பி வரும் ரயிலில்தான் காரணம் பிறக்கும். அரக்கோணம் தாண்டுவதற்குள் எப்படியும் ஒன்று பிறந்துவிடும்.

"நைனா, அதுக்குக் கிட்டப் பார்வ இல்லடா. ரெண்டடி தள்ளி நின்னாத்தான் கண்ணு தெரியும். மெட்டிய எப்டி எடுப்ப? மூக்குத்திய எப்டி எடுப்ப?"

"பாவா, தள்ளி நின்னு எடுத்தா அதுல ஒரு அழகு இருக்குதுன்றாங்களே?"

"யாரு, அந்தத் தாடிக்காரனா? அவன் பொண்டாட்டி மெட்டி போடாதவளா இருப்பா."

இன்னொரு தடவை காதுகுத்து. "ஆசாரி ஊசிய எடுத்ததும் கொழந்த தலைய ஆட்டும். நீ போகஸ திருப்பினு இரு. நீ முடிக்கறதுக்குள்ள அது காலேஜுக்குப் போயிடும்."

இன்னொரு தடவை பெண்ணைப் பெற்றவர்கள். "பொட்டியப் பாத்ததும் இன்னா நெனப்பான்? பாவம், பழைய கேமராவ வெச்சினு கஷ்டப்படறான்னு ரெண்டு வாழப்பழம் சேத்துக் குடுப்பான். ஆல்பத்துக்கு ஆர்டர் குடுக்க மாட்டான்."

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இது: "மல மேல கொரங்கு கீது நைனா. அதுக்கு வெல தெரியாது."

என்னிடமும் வாங்காமலிருக்க ஒரு காரணம் இருந்தது. அது என் வீட்டுச் சமையலறையில் கரண்டியோடு நின்றுகொண்டு, "மனை வாங்கறதா, பொட்டி வாங்கறதா, இன்னிக்கே சொல்லிடுங்க" என்று கேட்டது. வெளியில் நான் இதைச் சொல்லிக்கொள்வதில்லை. யாராவது ஏன் வாங்கவில்லை என்று கேட்டால், கலைக்குக் கருவி முக்கியமில்லை என்று சொல்லிவிட்டு எங்கேயோ தூரத்தில் பார்ப்பேன்.

வினைக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பாஷா பாய் டீக்கடை. ஒரு சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பாவாவுக்கு மெதுவாகப் பேசி வழக்கமில்லை.

"ரேஞ்சர வாங்கிடலாம் நைனா. வாங்கறது பெருசில்ல. வாங்கினப்பறம் வெளிய தெரியாம வெச்சிக்கணும், அதான் கஷ்டம். புது ரேஞ்சரு ரொம்ப வெல. பழைய ரேஞ்சரா பாத்தா கம்மில முடிச்சிடலாம்."

பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்த, முடியை ஒட்ட வெட்டியிருந்த மனிதர் மெல்லுவதை நிறுத்தினார்.

"எந்த ரேஞ்சரு?"

"உங்களுக்கும் வேணுமா சார்?" என்றார் பாவா அன்பாக.

ஆந்திர எல்லை இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பக்கத்து மலையில் செம்மரம். காட்டிலாகா ரேஞ்சரை விலைக்கு வாங்குவதைப் பற்றி டீக்கடையில் இரண்டு பேர் தைரியமாகப் பேசினால், மஃப்டியில் இருக்கும் போலீஸ்காரருக்கு வடை எப்படி இறங்கும்? எங்கள் இருவரின் செல்போன்களும் அவர் கைக்குப் போயின. கலைஞன் சிறைக்கு அஞ்சமாட்டான் என்று எங்கோ படித்திருக்கிறேன். அதை எழுதியவன் கலைஞன் இல்லை. பாஷா பாய்தான் ஓடி வந்து, "அய்யோ சார், இவங்க போட்டோ எடுக்கறவங்க, அது கேமரா சார்!" என்று காப்பாற்றினார். போலீஸ்காரர் என் செல்போனில் கேமராவின் படத்தைப் பார்த்தார். விலையைப் பார்த்தார். மறுபடி ஒருமுறை விலையைப் பார்த்தார்.

"இந்த வெலைக்கு யாருய்யா வாங்குவான்?"

அவ்வளவுதான். பாவா அவரை உட்கார வைத்து, வாங்கக் கூடாத காரணங்களை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்த மனிதர் தப்பித்துப் போகும்போது எங்கள் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பாவாவின் ஒரே பெண் சுகுணாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை ஆர்.கே.பேட்டை, பவர்லூம் வைத்திருக்கிறார். கல்யாணம் மலைமேல். பாவா ஃபேனுக்குக் கீழே உட்காராமல் என் எதிரே நின்றுகொண்டே பேசினார்.

"தார வாக்கறவன் கையில கேமரா இருக்கக் கூடாது நைனா. நீதான் எடுக்கணும். ஊர்ல எத்தினியோ பொண்ணுங்க கழுத்துல தாலி ஏறத எடுத்துருக்கேன். என் பொண்ணுத ஒண்ணே ஒண்ணு எனக்கு வேணும். வேற எது கெட்டாலும் பரவால்ல."

"வீடியோவுக்கு ஆள் சொல்லட்டுமா பாவா?"

"வேணாம். வீடியோ ஓடுதுன்னு தெரிஞ்சா எங்க ஆளுங்க அழ மாட்டாங்க. நடிப்பாங்க."

நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் பழைய கேமராவில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் அந்தப் படம் விழுந்திருக்கும். ஆனால் எனக்குள் இருந்த தாடிக்காரர் சும்மா இருக்கவில்லை. பாவா இத்தனை காலம் பெண் பார்த்த ரேஞ்சரைச் சென்னையிலிருந்து வாடகைக்கு எடுத்துவந்து, அதில் அவர் மகள் கல்யாணத்தை எடுத்து அசத்திவிடுவது என்று முடிவு செய்தேன். அன்பு பாதி, பந்தா மீதி.

மலையில் என் கழுத்தில் அதைப் பார்த்ததும் பாவாவின் முகம் மலர்ந்தது. "அடப்பாவி, கூட்டினே வந்துட்டியா?" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அசல் கலைஞர்கள் எடுத்த படத்தை உடனே பார்க்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், பின்னால் இருந்த திரையை அணைத்து வைத்தேன். என் பழைய கேமராவைப் பைக்குள் போட்டு ஜிப்பையும் இழுத்துவிட்டேன்.

தாரை வார்க்கும்போது தண்ணீர் தெறித்தது. வாடகைப் பொருளாயிற்றே என்று லென்ஸ் மூடியை மாட்டினேன். அதைக் கழற்ற மறந்துவிட்டேன். வேறு கேமராவாக இருந்தால் மூடியோடு பார்த்தால் கும்மிருட்டாக இருக்கும், உடனே தெரிந்துவிடும். இதில் நாம் பார்ப்பது ஒரு ஜன்னல், படம் பிடிப்பது வேறு கண். மூடி போட்டிருந்தாலும் ஜன்னலில் கல்யாணம் ஜோராகத் தெரியும்.

கெட்டிமேளம் முழங்கியது. நான் மணமக்களுக்கு நேர் முன்னால் போய், காலை அகட்டி நின்று, ஞானியைப் போல் நிதானமாக ஃபோகஸைத் திருப்பித் திருப்பி எடுத்தேன். ஜன்னலில் சுகுணா தலை குனிந்தாள், மாப்பிள்ளை கை நீண்டது, மஞ்சள் கயிறு ஏறியது. என் வாழ்நாளில் நான் பார்த்த மிக அழகான படம். நான் பார்த்தேன். கேமரா பார்க்கவில்லை.

எதிர்ப் பக்கத்திலிருந்து பாவா கத்தினார். "மூடி! மூடி!"

மேளத்தில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. கேட்டவர்களும் தங்களுக்குத் தெரிந்தபடி புரிந்துகொண்டார்கள். ஒரு அம்மாள் குங்குமச் சிமிழை மூடினாள். எனக்கென்னவோ என்னைத்தான் சொல்கிறார் என்று தோன்றி, திறந்திருந்த வாயை மூடிக்கொண்டேன். பெண்ணின் தாய்மாமன்தான் எல்லாரையும்விடச் சுறுசுறுப்பு. அர்ச்சனைத் தட்டிலிருந்து ஒரு தேங்காய் மூடியை எடுத்து ஓடிவந்து பாவாவின் கையில் கொடுத்துவிட்டார். பாவா அந்தத் தேங்காய் மூடியாலேயே என் கேமராவைச் சுட்டிக்காட்டிக் கத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூடியைப் பிடுங்கினேன். மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதை மழை ஓய்ந்திருந்தது. பதறிய பதற்றத்தில் கேமரா எங்கேயோ திரும்ப, விரல் எதையோ அழுத்தியது.

செல்போனில் எடுத்தவர்களிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று ஓடினேன். மண்டபத்தில் செல்போன் இல்லாத கையே இல்லை. எல்லாவற்றிலும் என் முதுகு மிகத் தெளிவாக விழுந்திருந்தது. சட்டையில் காலர் மடிப்புச் சரியில்லை என்பதுவரை தெரிந்தது.

பந்தி நடக்கும்போது பாவாவை ஒரு தூண் ஓரமாகக் கூட்டிப் போய்த் திரையைக் காட்டினேன். கறுப்பு. அடுத்தது கறுப்பு. அதற்கடுத்தும் கறுப்பு. அவர் கேட்டது ஒரே ஒரு படம். எனக்கு அங்கிருந்தே கீழே குதித்துவிடலாம் போலிருந்தது.

பாவா கறுப்புத் திரையை விரலால் ஒருமுறை துடைத்துப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி வருசமா ஒக்காந்து ஒக்காந்து யோசிச்சினு இருந்தோமே நைனா. மூடிய போட்டுனே எடுக்கலாம்ன்ற காரணம் எனக்குத் தோணவே இல்லியே!"

"பாவா, என்னைச் செருப்பால அடிங்க."

"கல்யாண வூட்ல செருப்பு எங்க கெடைக்கும்? அடுத்தத தள்ளு."

தள்ளினேன். கறுப்பெல்லாம் முடிந்து, விரல் தவறி அழுத்திய அந்த ஒரு படம் வந்தது. பாவா. கையில் உயர்த்திய தேங்காய் மூடி, ஊரைக் கூட்டும் வாய், கன்னம் முழுக்க வழிந்த கண்ணீர். மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்த தகப்பன் முகம் அப்படியே விழுந்திருந்தது.

"போகஸ் கரெக்டா கீதே. யாரு வெச்சது?"

"அதுவா வந்துடுச்சி பாவா."

"ஆங். அதான் பாத்தேன்."

திரையை விட்டு அவர் கண் நகரவில்லை. "இத பெருசா போட்டுக் குடு நைனா. சுகுணா வூட்டுக்கு அனுப்பணும்" என்றார். கொஞ்சம் கழித்து, படத்தில் தன் கன்னத்தை விரலால் தொட்டு, "ஓமப் பொக ரொம்ப ஜாஸ்தி, இல்ல?" என்றார்.

ஓமகுண்டம் அவருக்கு ரொம்பத் தள்ளி இருந்தது. காற்றும் அவருக்கு எதிர்ப் பக்கமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆங், பொகதான் பாவா" என்றேன். எனக்கும் கண்ணில் அதே புகைதான்.