இருபது கூடக்குறைய

ஒரு காட்டில் இமையாள் என்றொரு தேவாங்கு அரசாங்க வேலை பார்த்துவந்தாள். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, சிரத்தையான பிறவி. பூமி சூரியனைச் சுற்றுவதால், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் மயிரிழை தள்ளியிருப்பதுபோலத் தோன்றும். அந்த மயிரிழையை அளந்தால் தூரம் தெரிந்துவிடும். ஆனால் உட்கார்ந்திருக்கும் கிளை கொஞ்சம் ஆடினாலும் கணக்கு போச்சு. அதனால் இமையாள் ஒன்றை மட்டும் நம்பாமல், கூட்டத்தில் முந்நூறு நட்சத்திரங்களை அளந்து சராசரி எடுத்தாள். ஒன்றில் கூடினால் இன்னொன்றில் குறையும். பிழையும் பிழையும் அடித்துக்கொண்டு ஒழியும்.

காட்டு வாசலில் அந்தத் தூரத்தை எழுதிப் பலகை வைக்கச் சிங்கராஜா ஆசைப்பட்டார். செயலாளர் உடும்பு வரகுணன் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"தூரம் எவ்வளவும்மா?"

"நானூத்தி நாப்பது ஒளியாண்டு, ஐயா. இருபது கூடக்குறைய இருக்கலாம்."

"பதினோரு வருஷம் பாத்துட்டு இன்னும் கூடக்குறையவா?"

"அளவுன்னா அப்படித்தான் ஐயா. அதைச் சொல்லாம விட்டா பொய்யாயிடும்."

வரகுணன் பிடித்தால் விடமாட்டார். "நிறைய அளவைச் சராசரி எடுத்தா பிழை போயிடும்னு நீதானே அறிக்கையில எழுதியிருக்க? அப்ப நாலு பேரைக் கேட்டுப் பாத்துடுவோம்."

"ஐயா, இங்க மத்தவங்க வானத்தைப் பாத்ததே இல்லையே!"

"அப்ப பாரபட்சமே இருக்காது."

மறுநாள் காலை ஐந்து பேருக்குப் படிவம் கொடுத்தார்கள். எருமை, "ஒளியாண்டுன்னா என்ன?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் இரண்டு என்று போட்டது. மயில் ஐம்பது என்றது. முயல், "நூறுன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கல்ல?" என்று உறுதி செய்துகொண்டு நூறு போட்டது. எறும்புதின்னியான அழுங்கு பயந்துபோய்ச் சுருண்டு மூன்று தடவை முனகியது; மூன்று என்று பதிவானது. வரிசையில் நிற்கவைத்த கோபத்தில் குரங்கு இரண்டாயிரம் என்று கிறுக்கியது.

இமையாள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வரகுணன் கூட்டி ஐந்தால் வகுத்தார். நானூற்று முப்பத்தொன்று.

அவள் சிரிப்பு நின்றது. தானே இரண்டு முறை வகுத்துப் பார்த்தாள். அதேதான்.

"உன் கூடக்குறையக்குள்ள வருதாம்மா?"

வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

"வருது ஐயா. ஆனா இது தற்செயல். இன்னொரு தடவை கேளுங்க, வேற வரும்."

"சரியா வந்தப்புறம் எவனாவது இன்னொரு தடவை கேப்பானா?"

வெள்ளிக்கிழமை பலகை ஏறியது. ஐந்து பேருக்கும் மாலை போட்டார்கள். எருமை தன்னுடையதைத் தின்றுவிட்டது. ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலைக்குத் தனியாக ஆள் எதற்கு என்று இமையாளின் பதவியை எடுத்துவிட்டார்கள். குரங்கின் தலைமையில் நிரந்தர வானியல் குழு அமைந்தது.

இமையாள் நோட்டுகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். வழியில் அழுங்கு அவளைத் தனியாக நிறுத்தி, "அக்கா, நெசமாவே அது எவ்வளவு தூரம்? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டது. ஆசைப்பட்டுக் கேட்ட முதல் ஆள். இமையாளின் கண் இன்னும் பெரிதானது. மூட்டையை இறக்கி, முதல் நட்சத்திரத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

நாலாவது நட்சத்திரத்தில் அழுங்கு தூங்கிவிட்டது.

நீதி: சரியான விடை கையில் இருந்தால், அடுத்தவர் அதை உளறிக் கண்டுபிடிப்பதற்குள் ஓய்வு பெற்றுவிட வேண்டும்.