டயகமவில் கடல் பார்த்தவள்

எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் புதிதாக இரண்டு பேர் சந்தித்தால் முதலில் பெயர் கேட்பதில்லை. எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் கேட்போம். ஐந்து நிமிடம் தோண்டினால் எப்படியும் ஒரு சொந்தம் வெளியே வரும். வராவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம் தோண்டுவோம். இந்தத் தோண்டும் வேலையில் நான் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் ஐயாயிரம் ரூபாயைத் தொலைத்தவள் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பூண்டுலோயா டவுனில் ஒரு துணிக்கடைக்காரர், ஓவர்லாக் மெஷின் இருந்தால் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் வேலையை எனக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். அது கிடைத்துவிட்டால் அட்டைக் கடியிலும் அடைமழையிலும் கொழுந்துக் கூடையோடு மலை ஏற வேண்டியதில்லை. சீட்டுப் போட்டு நாற்பத்தைந்தாயிரம் சேர்த்திருந்தேன். புது மெஷினைக் கனவிலும் தொட முடியாது. அதனால் போனில் பழைய சாமான் விற்கும் பக்கங்களையே மேய்ந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் புத்தம் புதிது போல ஒரு மெஷின் வந்தது. விலை சரியாக நாற்பத்தைந்தாயிரம். (என் அலுமாரியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை போட்டானோ என்னவோ.) படத்தில் மெஷினுக்குக் கீழே பளபளவென்று பளிங்குத் தரை. தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பளிங்கு ஏது என்று, அவன் தோட்டத்துக்காரன் என்று சொன்ன பிறகும், எனக்குத் தோன்றவே இல்லை. உடனே போன் போட்டேன்.

பெயர் பிரகாஷ், தோட்டம் டயகம என்றான். அவன் சொன்னது அவ்வளவுதான். மீதி எல்லாவற்றையும் நானே சொன்னேன்.

"மேல் டிவிசனா?"

"ஆமாக்கா, மேல் டிவிசன்தான்."

"அங்க எங்க சித்தப்பா வீடு இருக்கே, வேலுக் கங்காணி குடும்பம். தெரியுமா?"

"தெரியாம என்னக்கா, பக்கத்து லயந்தானே."

"அப்ப நீங்க சித்தப்பாவுக்கு அண்ணன் மகனா?"

"அதேதாங்க்கா. எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்தே நிமிடத்தில் ஒரு தம்பி பிறந்துவிட்டான். (சித்தப்பாவின் மனைவி, என் அம்மாவின் தங்கை, சின்னம்மாவுக்கு ஒரு போன் போட்டு விசாரித்திருக்கலாம். ஒரு கல்யாணப் பந்தியில் வந்த மனஸ்தாபத்தில் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.) வேறு ஒருவர் கேட்கிறார், சொந்தம் என்பதால் உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன், ஐயாயிரம் மட்டும் அனுப்புங்கள் என்றான். அன்றே தோட்டத்துக் கடையில் கொடுத்து அனுப்பினேன். கூடவே மகளின் சடங்குக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லி அழைப்பும் வைத்தேன்.

இரண்டு நாளில் மெஷினை லொறியில் ஏற்றத் தயாராக வைத்திருப்பதாகவும், மீதியை அனுப்பினால் பின்னேரமே வந்துவிடும் என்றும் சொன்னான். கணவர் முருகேசுவையும் இழுத்துக்கொண்டு டவுனில் இருக்கும் ரிஸ்வி நானாவின் போன் கடைக்குப் போனேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். போன் வழியாகப் பெரிய தொகை அனுப்ப எங்களுக்கு அவர்தான்.

நானா அவன் கொடுத்த நம்பரை அடித்தார். பணம் வாங்குபவர் பெயராகத் திரையில் பிரகாஷ் என்று வராமல் வேறு யாருடைய பெயரோ வந்தது. விரலை எடுத்துவிட்டு, சாமானை நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார். படத்தில் பார்த்தேன் என்றேன். வீடியோ காலில் மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள் என்றார். டயகமவில் அதற்கெல்லாம் சிக்னல் போதாதாம், தம்பி ஏற்கெனவே சொல்லிவிட்டான் என்றேன். அந்தப் படத்தைப் போட மட்டும் சிக்னல் இருந்ததா என்று நானா கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது எங்க சொந்தக்காரப் பையன். எங்க குடும்ப விஷயத்துல பேச நீங்க யாரு?"

கடையில் நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முருகேசு சுவரில் தொங்கிய போன் கவர்களை ஒவ்வொன்றாக ஆராய ஆரம்பித்துவிட்டார். நானா முகம் மாறவில்லை. என் போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, அவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, டயகம எனக்கு நல்லாத் தெரியும். மேல் டிவிசன்ல கடல் தெரியிற லயம் இருக்குமே, அதுதானா ஒங்க வீடு?"

"ஆமாங்கண்ணே, அதேதான். காலையில கதவத் தொறந்தா கடல்தான்."

கடையே வெடித்துச் சிரித்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலையும் தேயிலையும்தான் டயகம. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "வெயில் நாள்ல தெரியுமோ என்னமோ" என்று நான் முணுமுணுத்ததாக முருகேசு இன்றுவரை சத்தியம் செய்கிறார். நான் மறுப்பதில்லை. சொல்லியிருப்பேன்.

வீடியோவில் மெஷினை ஓட்டிக் காட்டினால் இந்த நிமிடமே பணம் வரும் என்றார் நானா. போன் கட்டானது. நான் மறுபடி எடுத்தபோது என் நம்பரைத் தடை செய்திருந்தான்.

நாற்பதாயிரத்தையும் நானா என் பக்கம் தள்ளி வைத்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் ஒரு பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"கண்ணால பாருங்க, ஓட்டிப் பாருங்க, பொறகு காசு குடுங்க. சொந்தமா இல்லையான்னு கடைசியா கேளுங்க, தங்கச்சி."

பேசாமல் அனுப்பியிருந்தால் அவருக்குக் கமிஷன் கிடைத்திருக்கும். அதை விட்டதோடு, என்னிடம் வசவும் வாங்கிக்கொண்டு, பொலிஸில் முறைப்பாடு கொடுக்கக் கூடவே வந்து சிங்களத்தில் எடுத்துச் சொன்னவரும் அவர்தான். ஐயாயிரம் திரும்பி வரவில்லை. நீங்க யாரு என்று அவரைக் கேட்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

போன ஐயாயிரத்தை ஈடுகட்ட, இன்னொரு சீட்டு முடியும்வரை எட்டு மாதம் கூடையோடு மலை ஏறினேன். பிறகு ஹட்டனில் ஒரு அம்மாவிடம் மெஷின் இருப்பதாக நானாவே சொன்னார். போய், துணி போட்டு அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்து, பணத்தைக் கையில் கொடுத்தேன். ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெஷினை ஆட்டோவில் கட்டும்போதுதான் பழைய புத்தி கிளம்பிவிட்டது. விசாரித்தால், அந்த அம்மா என் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கை. உண்மையான சொந்தம் நூறு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

இப்போது கொழுந்துக்குப் போவதில்லை. வருடக் கடைசியில் சீருடை மலைபோல் குவிந்துவிடும். துணி எடுக்க டவுனுக்கு இறங்கும்போதெல்லாம் நானா கடையில் எட்டிப் பார்ப்பேன். எத்தனை பேர் நின்றாலும் அவர் கேட்பது ஒன்றுதான்.

"என்ன தங்கச்சி, இன்னைக்குக் கடல் எப்பிடி?"

"நல்லாத் தெரியுது நானா" என்பேன்.