அண்ணையின் காரை மாடுகள் நக்கிய ஞாயிற்றுக்கிழமை

கலியாணம் பேசுகிற காலத்தில் ஓர் ஆண்பிள்ளை தன் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். என் விஷயத்தில் முக்கால்வாசியைக் கழித்திருக்க வேண்டும். நான் சொன்னது, "ஒரு மாட்டுப் பண்ணையிலை மனேஜராய் இருக்கிறன்." உண்மை என்னவென்றால், இருபத்திரண்டு மாடுகளுக்குப் புல் போட்டுச் சாணம் அள்ளிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில் செவன் கிங்ஸ் பகுதியில் ஓர் அறையில் நான்கு பேர் இருந்தோம். மற்ற மூவருக்கும் பெற்றோல் நிலையத்தில் வேலை. எனக்கு அது சரிவரவில்லை (கனவு காண விடமாட்டார்கள்; யாராவது வந்து பெற்றோல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்). லண்டனின் கிழக்கு ஓரத்தில், பஸ் திரும்புகிற இடத்துக்கும் அப்பால், ஃபிராங்க் என்ற கிழவருக்கு ஒரு சின்னப் பண்ணை இருந்தது. மாடு வளர்த்துப் பழக்கமா என்று கேட்டார். யாழ்ப்பாணத்தானிடம் கேட்கிற கேள்வியா இது என்பதுபோலச் சிரித்து வைத்தேன். எங்கள் வீட்டில் நின்றது ஒரேயொரு ஆடு. அதற்கும் எனக்குப் பயம்.

தேவகி பக்கத்து ஊரான இல்ஃபோர்ட்டில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். அவளிடம் மட்டும் நான் பண்ணையைப் பற்றி நிறையப் பேசினேன். விடியற்காலைப் பனிப்புகார், அதற்குள் மணியோசை (எங்கள் மாடுகளுக்கு மணியே கிடையாது), ஓடைக்கரையில் மேய்கிற சிவப்பு மாடுகள். அவள் குறுக்கே பேசாமல் கேட்பாள். அவள் கேட்கக் கேட்கப் பண்ணை பெருத்துக்கொண்டே போனது.

கடைசியில் எங்கள் கலியாண விஷயம் அவளுடைய தமையன் நடராசா அண்ணையிடம் போனது. எதையும் நேரில் பார்க்காமல் நம்பாத மனிதர். வாரம் தவறாமல் மெழுகு பூசித் துடைக்கிற ஒரு பச்சைக் கார் வைத்திருந்தார்.

"வாற ஞாயிறு பதினொரு மணிக்கு வாறம் தம்பி. பண்ணையை ஒருக்காப் பாப்பம். பிடிச்சுதெண்டா மேற்கொண்டு பேசுவம். இல்லாட்டி கனடாவிலை ஒரு பேச்சுக்கால் இருக்கு."

கனடா மாப்பிள்ளை இஞ்சினியர். எனக்கு மூன்று நாட்கள் சோறு இறங்கவில்லை.

அதிர்ஷ்டம் என்று அப்போது நினைத்தேன், அந்த வார இறுதியில் ஃபிராங்க் மகளின் வீட்டுக்குப் போவதாக இருந்தார். போகும்போது மூன்று விஷயங்கள் சொன்னார். காலையும் மாலையும் தொட்டியில் உறைந்த பனிக்கட்டியை உடைக்க வேண்டும். காலையில் முதல் வேலையாகக் காய்ந்த புல்லுக் கட்டைப் பிரித்துப் போட வேண்டும். கீழ் வயலின் கேற்றைத் திறக்கவே கூடாது. அங்கே தெரிகிற பச்சையை நம்பாதே, மாரிகாலப் புல்லில் சத்துக் கிடையாது, வெறும் தண்ணீர், மாடு இறங்கினால் ஈரநிலம் சேறாகி அடுத்த கோடைக்கும் புல் முளைக்காது என்றார்.

மூன்றுக்கும் தலையாட்டினேன். அவருடைய ஆங்கிலத்தில் எனக்கு விளங்கியது அரைவாசி. விளங்கிய அரைவாசியையும் நான் நம்பவில்லை. வெயில் காலத்தில் ஒரு பிடி பச்சைக்கு மாடுகள் மைல் கணக்காக நடக்கிற ஊரில் பிறந்தவனிடம் போய், பச்சைப் புல்லில் சத்தில்லை என்றால்?

சனிக்கிழமை மத்தியானம் கீழ் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெல்லிய வெயில். ஓடை மினுங்கியது. மேல் வயலிலோ மாடுகள் சேற்றில் நின்று காய்ந்த புல்லை இழுத்துக்கொண்டிருந்தன. தேவகி வந்து இதையா பார்ப்பது? கண்ணை மூடினேன். அவள் ஓடைக்கரையில் நிற்கிறாள், சுற்றிலும் மாடுகள் குனிந்து மேய்கின்றன, அண்ணை தூரத்தில் நின்று தலையை ஆட்டுகிறார். கண்ணைத் திறந்தபோது என் கை கேற்றைத் திறந்துவிட்டிருந்தது.

மாடுகளைக் கீழே இறக்கிவிட்டுக் கேற்றைச் சாத்தினேன். அதோடு விட்டேனா? மாடு வயிறு நிரம்பி நின்றால் மேயாது, அழகாக இராது என்று, ஞாயிறு காலைக்குரிய புல்லைப் போடுவதில்லை என்றும் முடிவெடுத்தேன். ஓடை இருக்கும்போது தொட்டி எதற்கு என்று அதையும் விட்டேன். (மனேஜர் என்றால் முடிவெடுக்க வேண்டும்தானே!)

விடிந்தபோது உலகம் வெள்ளையாகியிருந்தது. அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வேலி, மரம், ஓடை எல்லாம் ஒரே வெள்ளைக்குள் போய்விட்டன. மாடுகளின் மூச்சு ஆவியாக எழுந்து கலைந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டும் கேற்றடியில் வரிசையாக நின்று என்னையே பார்த்தன. என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இரண்டு மணிநேரம் அதை ரசித்தேன்.

சரியாகப் பதினொரு மணிக்குப் பச்சைக் கார் வந்தது. வரவேற்பதற்காகக் கீழ் வயலின் கேற்றை அகலத் திறந்தேன்.

வாகனச் சத்தம் கேட்டால் புல்லு வருகிறது என்று அந்த மாடுகளுக்குத் தெரியும். இருபத்திரண்டும் ஓடி வந்து காரைச் சுற்றி வளைத்தன. கார் கேற்றடியில் பனிக்கு அடியிலிருந்த சேற்றில் புதைந்து நின்றது. பனி உருகட்டும் என்று கவுன்சில்காரர் வழியெல்லாம் வீதிக்கு உப்புப் போட்டிருந்தார்கள். கார் முழுக்க உப்பு. முதலில் ஒரு கிழட்டு மாடு முன்பக்கத்தை ஒருமுறை நக்கிப் பார்த்தது. பிறகு எல்லாம் சேர்ந்து நக்கத் தொடங்கின. அரத்தால் தேய்க்கிற சத்தம் கேட்டது.

அண்ணை ஒரு விரலளவு கண்ணாடியை இறக்கிக் கத்தினார். "தம்பி! உதுகளைக் கலையும்! பெயின்ற் போகுது! ஐயோ, சைட் கண்ணாடியைக் கடிக்குது!"

நான் கைகளை ஆட்டி "ப்ளீஸ், ப்ளீஸ்" என்றேன். ஒரு மாடும் திரும்பிப் பார்க்கவில்லை.

மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்து தேவகி இறங்கினாள். மாடுகளுக்கான பட்டிப் பொங்கல் வந்த கிழமை என்று பானையில் பொங்கல் கொண்டுவந்திருந்தாள். அவள் இறங்கிய கதவால் ஒரு மாடு தலையை நீட்டி, சீற்றில் இருந்த பொங்கலை அண்ணையின் பக்கத்தில் வைத்தே சாப்பிட்டது.

"தண்ணி காட்டினனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓடை இருக்குதெல்லோ." ஓடை உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது.

"தீன் போட்டனீங்களோ?"

"கீழை பச்சைப் புல்லுத்தானே."

அவள் அந்த வெள்ளை வயலை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பார்த்தாள். "எங்கை?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கனடா இஞ்சினியர் கண்முன் வந்து போனார். இனி எதை மறைத்து என்ன? "நான் மனேஜர் இல்லை. மாடு வளர்த்ததுமில்லை. வீட்டிலை ஒரு ஆடு நிண்டது. அதுக்கும் பயம்" என்றேன். அண்ணையின் கண்ணாடி இன்னும் விரலளவு திறந்தே இருந்தது. அவருக்கும் கேட்டிருக்கும்.

தேவகி சிரிக்கவில்லை. "கோடாலி எங்கை?" என்றாள்.

வவுனியாவில் அவளுடைய அப்பாவுக்கு முப்பது மாடுகள் இருந்தனவாம். ஏன் முதலே சொல்லவில்லை என்றேன். "நீங்கள் கேக்கேல்லையே" என்றாள். மேல் வயல் தொட்டியில் கனத்த பனிக்கட்டியை அவள் உடைக்க, துண்டுகளை நான் வெறுங்கையால் அள்ளி எறிந்தேன். பிறகு ஃபிராங்கின் பழைய பிக்கப்பில் புல்லை ஏற்றிக்கொண்டு வந்தேன். மாடுகள் காரை விட்டுவிட்டு அதன் பின்னால் வந்தன. தொட்டியில் வாயை வைத்து அவை உறிஞ்சிக் குடித்த சத்தத்தை இப்போதும் கேட்கிறேன். பனி மறுபடியும் மெதுவாக விழத் தொடங்கியது. அவளுடைய தலைமயிரில் வைக்கோல் தும்பு ஒன்று இருந்தது. என் வாழ்க்கை முடிந்துபோன நேரத்திலும் அது அழகாகத்தான் இருந்தது.

அண்ணை காருக்குள் இருந்தபடியே கேட்டார். "மனேஜர், இனி நான் இறங்கலாமோ?"

அன்றோடு பேச்சு முறிந்தது. மாலையில் திரும்பி வந்த ஃபிராங்க் கீழ் வயலைக் கனநேரம் பார்த்துவிட்டு, பழுதாக்கியவன்தான் திருத்த வேண்டும் என்று மட்டும் சொன்னார். கோடை வரைக்கும் மண்ணைக் கிளறி விதை போட்டேன். அவர் சொன்னபடியே அந்தக் கோடையில் அங்கே புல் முளைக்கவில்லை.

வேறொன்று முளைத்தது. கனடாவுக்குச் சம்மதம் கேட்ட அண்ணையிடம் தேவகி சொன்னாளாம், "தான் சொன்னது பொய்யெண்டு தன்ரை வாயாலை ஒத்துக்கொண்ட ஆம்பிளை இவர் ஒராள்தான்."

எங்கள் கலியாணத்துக்கு அண்ணை அந்தக் காரில்தான் வந்தார். எவ்வளவு மெழுகு பூசியும் நாக்கின் தடங்கள் போகவில்லை. பிள்ளைகள்கூட என்னை மனேஜர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இரத்தத்தில் சீனி கூடியபிறகு இரவில் எனக்கு ஒரு கோப்பை பச்சை இலைச் சலாட் மட்டும்தான். தேவகி கோப்பையை முன்னால் தள்ளி, "பச்சை தெரியுதெல்லோ, மேயுங்கோ" என்பாள். வீடே சிரிக்கும். ஆனால் எந்த நாளும் அந்தக் கோப்பைக்கு முன்னால் ஒரு செம்பு தண்ணீரை வைத்துவிட்டுத்தான் அதைச் சொல்வாள்.