கேமரா வாங்கப்போகிறவர்

கேமரா வாங்கியவர் என்று ஒருவகை மனிதர் உண்டு. அவரால் யாருக்கும் தொந்தரவு இல்லை. கல்யாண வீட்டில் நாலு படம் எடுப்பார், நமக்கு ஒன்று தருவதாகச் சொல்வார், தரமாட்டார். நான் சொல்ல வந்தது கேமரா வாங்கப்போகிறவரைப் பற்றி. கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் அவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டீர்களா? மீஞ்சூர் வருவதற்குள் ஆப்டிகல் ஜூம் என்றால் என்ன, டிஜிட்டல் ஜூம் ஏன் சுத்த ஏமாற்று வேலை, ஐந்து மெகாபிக்சல் போதுமா, ஏழு வேண்டுமா, பென்சில் பேட்டரி நல்லதா, சார்ஜ் போடுகிற பேட்டரி நல்லதா என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படியாகிவிடும். எப்போது வாங்குவார் என்பது மட்டும் தெரியாது.

நம் மொஹசினையே எடுத்துக்கொள்ளுங்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் போல்ட் செய்கிற கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிறவர். போல்ட்டைக் கையில் எடுப்பார், வெளிச்சத்தில் திருப்புவார், கண்ணைச் சுருக்குவார், "ரிஜெக்ட்" என்று சிவப்புத் தொட்டியில் போடுவார். கெட்டிக்காரர்தான். ஆனால் அந்தப் பழக்கம் கம்பெனி கேட்டோடு நிற்குமா? தோசை வட்டமாக இல்லை என்று ரிஜெக்ட் செய்துவிட்டுப் பட்டினியாக ஷிப்டுக்குப் போனவர் அவர்.

மகள் இர்பானா பிறந்தபோது மனைவி ஷஹனாஸ் ஆசையாகக் கேட்டது ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா. அவளுடைய அத்தா சவூதியில் டிரைவர். பேத்தியை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. படத்திலாவது பார்க்கட்டுமே என்று அவளுக்குத் தவிப்பு. மொஹசின் உடனே சம்மதித்தார். உடனே ஆராயவும் ஆரம்பித்தார். குழந்தை குப்புறக் கவிழ்ந்தது. இவர் பிரௌசிங் சென்டரில் லென்ஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். குழந்தை தவழ்ந்தது, இவர் வரப்போகும் புது மாடலுக்காகக் காத்திருந்தார். பல் முளைத்தது, புதுசு வந்துவிட்டதே, பழசின் விலை இறங்கட்டும் என்றார். பர்மா பஜார் கடைக்காரர் இவர் தலையைப் பார்த்ததுமே கண்ணாடிப் பெட்டியைப் பூட்டினார்.

"பாய், வாங்க வந்தியா, இல்ல என் கடைய செக் பண்ண வந்தியா? சும்மா பேஜாரு பண்ணிக்கினு!"

கடைசியில் ஷஹனாஸ் பொறுமை இழந்தாள். "இன்னாங்க, அவ நிக்க ஆரம்பிச்சிட்டா. எப்ப வேணா நடப்பா. எங்க அத்தா அதையாவது பாக்க வேணாவா? ஞாயித்துக்கிழம கேமரா இல்லாம வந்தீங்க, நான் எங்க அம்மா ஊட்டுக்குப் பூடுவேன்."

வாங்கிவிட்டார்!

வாங்கியவர் குழந்தையைப் படம் எடுத்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? பரிசோதனை செய்யாமலா? சுவரில் செய்தித்தாளை ஒட்டி, ஸ்டூலின் மேல் கேமராவை வைத்து, ஓரத்து எழுத்து மங்குகிறதா என்று பார்க்க மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். மறுபடியும் எடுத்தார். அந்த நேரம் பார்த்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற இர்பானா கையை விட்டாள். செய்தித்தாளுக்கும் கேமராவுக்கும் நடுவே தள்ளாடி நடந்து வந்து, தகப்பனைப் பார்த்துச் சிரித்தாள். மொஹசினின் விரல் அழுத்தியது. படம் விழுந்தது.

அடுப்படியிலிருந்து ஷஹனாஸ் ஓடிவந்தாள். "அல்லாவே, நடக்கறா! எடுத்தீங்களா?"

"எடுத்தேன். ஆனா புள்ள ஆடிடுச்சி. பேப்பரும் மறைஞ்சி பூடுச்சி."

"பரவால்ல, காட்டுங்க."

"ரிஜெக்ட்டு. அழிச்சிட்டேன்."

அன்று அவள் அழுத அழுகையை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது. நல்லவேளை, குழந்தைகள் ஒருமுறை நடந்ததோடு நிறுத்திக்கொள்வதில்லை. மறுநாள் ஷஹனாஸ் கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள். எந்தப் பொத்தான் எதற்கென்று கேட்காமல் ஒரு படம் எடுத்தாள். அதில் மொஹசினுக்குத் தலை இல்லை, மூலையில் அவளுடைய விரல், நடுவில் கலங்கலாக இர்பானா. பிரௌசிங் சென்டரிலிருந்து அதுதான் சவூதிக்குப் போனது. ராத்திரியே போன் வந்தது.

"புள்ள என்னாண்ட ஓடியார மாதிரியே கீதும்மா," என்றார் அத்தா.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: மொஹசின் கடைசியில் வாங்கியது எந்த மாடல் என்று கேட்கத்தானே வாயெடுத்தீர்கள்?